பாம்பின் வரியைப் பார்த்து விஷமில்லை என்று முடிவு கட்டாதீர்கள்

"நெட்ல பார்த்துட்டோம் டாக்டர், கடிச்ச பாம்பு வெள்ளிக்கோல் வரையன், விஷம் கிடையாது." போன வாரமும் ஒரு குடும்பம் செல்போனை நீட்டியது. படுக்கையில் இருந்த பையனுக்கு இமை பாதி இறங்கிவிட்டது, எச்சில் விழுங்க முடியவில்லை. கடித்தது அதே சாயலில் வரி போட்ட, விஷமுள்ள கட்டுவிரியன். விடியற்காலையில் கடிபட்டவனை மதியம் கொண்டுவந்தார்கள். வென்டிலேட்டரில் வைத்துத்தான் பிழைக்க வைத்தோம்.

தோற்றம் ஒன்றாக இருந்தால் குணமும் ஒன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையை எத்தனை முறை மறுப்பது? வெள்ளிக்கோல் வரையன் கட்டுவிரியனுக்கு நெருங்கிய சொந்தமே இல்லை. கருத்த உடம்பில் வெள்ளை வரி ஓடிய வரையன்களைக் கண்டு, தின்ன வந்த பிராணிகள் கட்டுவிரியன் என்று எண்ணித் தயங்கின. தப்பியவை முட்டையிட்டன, தலைமுறை தலைமுறையாகச் சாயல் கூடியது. விஷமில்லாதது விஷமுள்ளதைப் போல உருமாறும் இந்த வழியை, அமேசான் வண்ணத்துப்பூச்சிகளை வைத்து ஆங்கிலேய இயற்கையியலாளர் ஹென்றி பேட்ஸ் 1862-லேயே விளக்கிவிட்டார். மறுபக்கம், நல்ல பாம்பும் கட்டுவிரியனும் ஒரே குடும்பம். ஒன்று படமெடுத்துச் சீறும். மற்றது இரவில் சத்தமில்லாமல் ஊர்ந்து மற்றப் பாம்புகளையே தின்னும். வாழும் விதம் பிரிந்தது, உருவமும் பிரிந்தது.

வரையனின் வரி கழுத்தருகே பளிச்சென்று தொடங்கி வால் பக்கம் மங்கும், கட்டுவிரியனுக்கு நேர்மாறு என்பார்கள். சரிதான். ஆனால் வரியே இல்லாத கட்டுவிரியனும் உண்டு. நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் ஓடுகிற பாம்பில் எதைப் பார்ப்பீர்கள்?

நாங்களும் பாம்பின் பெயரை மட்டும் நம்பி மருந்து போடுவதில்லை. இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கிறோம். இமையையும் மூச்சையும் கவனிக்கிறோம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அந்த மருந்தைத் தயாரிக்கத் தேவையான பாம்பு விஷம் பெரும்பாலும் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில், பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்படுகிறது. ஒரே கண்ணாடி விரியனின் விஷமே இடத்துக்கு இடம் மாறியிருப்பதால், சில மாநிலங்களில் அந்த மருந்து குறைவாகவே வேலை செய்கிறது. உருவம் மட்டுமல்ல, விஷமும் பரிணாமத்தில் மாறிக்கொண்டிருக்கிறது.

பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள், இன்னொருவர் கடிபடுவார். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். தரையில் படுப்பதை விடுங்கள். முடியாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். கட்டுவிரியன் கடி பல நேரம் எறும்புக் கடி அளவுக்குக்கூட உறைக்காது. வீக்கம் இருக்காது, பல் தடமும் தெரியாது. இரவு தரையில் படுத்தவர் காலையில் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, கண் சொருகல் என்று எழுந்தால், கடித்த இடத்தைத் தேடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள்.