வயிறு கல்லாட்டம் இருக்குது, பிள்ளை ஏன் இளைக்கிறான்?

கடலூர் முதுநகரை ஒட்டிய ஒரு மீனவர் குப்பம். பால்வாடியில் அன்று எடை போடும் நாள். பதினான்கு மாதப் பையன் ஒருவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனுடைய ஆயா நிற்கிறார். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். பையனின் அம்மா விடியற்காலம் மூன்று மணிக்கே துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போய்விட்டார். அவருக்கு மறுபடியும் நான்கு மாதம். எடை ஏழரை கிலோ. அந்த வயதுப் பையன் பத்துக் கிலோவாவது இருந்தால் நன்றாக இருக்கும்.

டீச்சர் அவன் இடது கையைத் தொங்கவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் சரியான நடுவில் ஒரு நாடாவைச் சுற்றினார். இறுக்கவும் இல்லை, தொளதொளவென்று விடவும் இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம் அச்சிட்ட நாடா. அதன் சின்ன ஜன்னலில் மஞ்சள் தெரிந்தது. 12 சென்டிமீட்டர்.

"ஒரு சொம்பு கஞ்சி குடிக்கிறான் டீச்சர். வயிறு கல்லாட்டம் இருக்குது பாருங்க. அப்புறம் ஏன் இளைச்சுப் போறான்?" என்றார் ஆயா.

ஊட்டச்சத்துக் குறைவைப் பற்றி இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. அந்த வீட்டில் யாரும் பிள்ளையைப் பட்டினி போடவில்லை. வயிறு நிறையத்தான் கொடுக்கிறார்கள். பிள்ளை மட்டும் தேறவில்லை.

முதலில் அந்த நாடாவைப் பற்றி. ஆறு மாதக் குழந்தைக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் ஒரே அளவு எப்படிச் சரிவரும் என்று தோன்றும். ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை பிள்ளை உயர்ந்துகொண்டே போனாலும் மேல்கையின் சுற்றளவு அதிகம் மாறுவதில்லை. கைக்குழந்தையின் கொழுப்பு கரையக் கரைய அந்த இடத்தில் தசை வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதனால் கை மெலிந்தால், சேமிப்பிலிருந்த கொழுப்பும் தசையும் செலவாகிவிட்டன என்று அர்த்தம். 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை. 11.5-க்கும் 12.5-க்கும் நடுவில் மஞ்சள். 11.5-க்குக் கீழே போனால் சிவப்பு, அது உயிருக்கே ஆபத்தான நிலை.

நம் மொழியில் இந்தப் பையனுக்கு ஒரு பழைய பேர் உண்டு: சவலை. அடுத்த பிள்ளை வயிற்றில் உண்டானதும் தாய்ப்பால் நின்றுபோய் மெலிகிற குழந்தை சவலைப்பிள்ளை. 1930-களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் கால் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகிப்போன குழந்தைகளைப் பார்த்தார். அங்கே கா மொழி பேசுகிற பெண்கள் அந்த நோய்க்கு வைத்திருந்த பேரையே அவர் மருத்துவ உலகத்துக்குக் கொடுத்தார்: குவாஷியார்கர். அடுத்த குழந்தை வந்ததும் முந்தின குழந்தைக்கு வருகிற நோய் என்று அதற்குப் பொருள். கடல் தாண்டி இருக்கிற இரண்டு ஊர்த் தாய்மார்கள் ஒன்றையே பார்த்து, ஒன்றையே பேராக வைத்திருக்கிறார்கள். எனக்கு இது எப்போது நினைத்தாலும் மனதைத் தொடும்.

குவாஷியார்கரைப் புரதக் குறைவு என்றுதான் உலகம் வெகுநாள் நினைத்திருந்தது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் குன்னூரிலும் பிறகு ஹைதராபாத்திலும் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நடத்தியவர். எலும்பும் தோலுமாகப் போகிற குழந்தைகளின் சாப்பாட்டையும் வீங்கிப் போகிற குழந்தைகளின் சாப்பாட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றார். சாப்பாடு ஒன்றுதான், அந்தக் குறைவை உடம்பு சமாளிக்கிற விதம்தான் வேறு என்பது அவர் வாதம். நம் ஏழை வீட்டுக் குழந்தைகளுக்கு முதலில் குறைவது புரதம் அல்ல, மொத்தச் சாப்பாட்டின் சக்தி என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார்.

உடம்பு எப்படிச் சமாளிக்கிறது? வரும்படி நின்ற வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கையிருப்பு போகும். கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரை ஒரு நாளைக்குக்கூடத் தாங்காது. அப்புறம் கொழுப்பு, அதோடு தசை. அதற்குப் பிறகு செலவைக் குறைக்க வேண்டியதுதான். தள்ளிப்போடக்கூடிய செலவு எது? வளர்ச்சி. எலும்பின் நுனிகளை வளரச் சொல்லுகிற ஒரு ஹார்மோனைக் கல்லீரல் குறைத்துக்கொள்கிறது, உயரம் நின்றுவிடுகிறது. அடுத்தது விளையாட்டு. ஓடிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு இடத்தில் உட்கார்ந்துவிடும். "சமத்துப் பிள்ளை, அழவே மாட்டான்" என்று பக்கத்து வீட்டில் மெச்சுவார்கள். அந்தச் சமத்து பல நேரம் உடம்பு சக்தியை மிச்சம் பிடிக்கிற வேலைதான். பிறகு குடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சுகிற மெல்லிய விரல்கள் மழுங்குகின்றன, நோயெதிர்ப்பு தளர்கிறது. மூளைக்குப் போவதை உடம்பு கடைசிவரை காப்பாற்றப் பார்க்கும். சும்மா படுத்திருக்கும்போதுகூடச் சின்னக் குழந்தையின் மூளை உடம்பின் சக்தியில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அந்தச் செலவை எத்தனை நாள் தாங்க முடியும்?

இப்போது ஆயாவின் சொம்புக்கு வருவோம். குழந்தையின் இரைப்பை ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லி கொள்ளும். ஏழரை கிலோ பையனுக்கு 225 மில்லி, ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் மேலே. அதைத் தாண்டினால் எதுக்களிக்கும். ஒன்றிலிருந்து இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளுக்குச் சுமார் 900 கலோரி வேண்டும். தாய்ப்பால் குடித்தால் அதில் 350 அங்கிருந்து வந்துவிடும், மீதி 550 சாப்பாட்டிலிருந்து. இவனுக்குத் தாய்ப்பால் நின்றுவிட்டது. பிள்ளை உண்டானவள் பால் கொடுத்தால் பெரியவனுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு. உண்மையில் மருத்துவர் ஏதாவது காரணத்துக்காக நிறுத்தச் சொன்னாலொழிய கர்ப்பத்திலும் பால் கொடுக்கலாம். அது போகட்டும். நீர்க்கக் காய்ச்சிய அரிசிக் கஞ்சியில் ஒரு மில்லிக்கு அரைக் கலோரிகூடக் கிடையாது, மூன்றில் ஒரு பங்குதான் தேறும். வயிறு முட்டக் குடித்தாலும் ஒரு வேளைக்கு 75 கலோரி. 900-ஐத் தொட இப்படிப் பன்னிரண்டு வேளை குடிக்க வேண்டும்!

வயிறு கல்லாட்டம் இருந்தது பொய்யில்லை. அதில் இருந்தது தண்ணீர்.

அதே 225 மில்லி இடத்தில், குழைந்த சோற்றையும் வெந்த பருப்பையும் மசித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசைந்து வைத்தால் 250 கலோரி கிட்டத்தட்ட வந்துவிடும். அந்த ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு மட்டும் 40 கலோரி. எந்த எண்ணெய் என்பது முக்கியமில்லை, வீட்டில் இருக்கிற எண்ணெய் போதும். பக்குவம் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சட்டென்று வழியாமல் ஒட்டி நிற்க வேண்டும்.

கெட்டியாகக் கொடுத்தால் மாந்தம் வரும் என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். அந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். சரியாக மெல்லாத பிள்ளைக்குக் கெட்டிக்கூழ் தொண்டையில் நிற்கும்தான். இதற்கு முளைகட்டின கேழ்வரகில் ஒரு வழி இருக்கிறது, எங்கள் பேச்சில் கேவுரு. மாவை வேகவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து ஊதிக் கெட்டியாகிறது. முளைக்கிற தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி உண்டாகும். இளஞ்செடி தின்பதற்காக நீளமான மாவுச்சத்துச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக நறுக்குவது அதன் வேலை.

கேழ்வரகை இரவு ஊறவைத்து, துணியில் கட்டி இரண்டு நாள் முளைக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, முளையைத் தேய்த்து நீக்கி, வாசம் வருகிற அளவுக்கு மட்டும் லேசாக வறுத்து அரைத்தேன். சிவக்க வறுத்தால் நொதி செத்துவிடும். கரண்டி நட்டால் நிற்கிற கூழை அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ஒரு தேக்கரண்டி முளைமாவைத் தூவிக் கலக்கினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. சில நிமிடத்தில் கூழ் இளகிக் கரண்டியிலிருந்து பாயசம் மாதிரி வழிந்தது. கலோரி அப்படியே இருக்கிறது, கெட்டித்தன்மை மட்டும் போய்விட்டது. பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும், முளைகட்டும்போது கிருமி ஏதாவது சேர்ந்திருந்தால் அழியும்.

சக்தி கிடைத்தாலும் தசை கட்டப் புரதம் வேண்டும். குப்பத்தில் அதற்குப் பஞ்சமில்லை. காய்ந்த நெத்திலியில் எடையில் பாதிக்கு மேல் புரதம். முள்ளோடு இடிப்பதால் சுண்ணாம்புச் சத்தும் கூடவே வரும். உப்புப் போடாமல் காயவைத்ததாக எடுத்து, மண் போக அலசி, மறுபடி காயவைத்து வறுத்துப் பொடித்தால் ஒரு தேக்கரண்டியில் 2 முதல் 3 கிராம் புரதம். கருவாடு தின்றால் கரப்பான் என்கிற தோல் அரிப்பு வரும் என்று ஒதுக்குகிறார்கள். கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்து, தடிப்பு எதுவும் வராவிட்டால் தொடரலாம். உள்ளே விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, இருக்கிறது. பூஞ்சை பிடித்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு, வறுத்து நைசாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டும், முழுக்கொட்டை மூச்சுக்குழலில் போய்விடும். கடையில் வாங்குகிற இரண்டு ஐந்து ரூபாய்ப் பாக்கெட் காசில் ஒரு முட்டை வந்துவிடும். பால்வாடியில் கொடுக்கிற சத்துமாவு இவனுக்கென்றே கொடுப்பது, ஆனால் வீட்டுக்குப் போனதும் எல்லோருக்குமாகக் கரைந்துவிடுகிறது.

இத்தனையும் செய்து பேதி வந்தால் பாதி வீண். மழுங்கின குடல் சத்தை விடுகிறது, கிருமியைப் பிடித்துக்கொள்கிறது. பேதியில் துத்தநாகம் போகிறது, அது போனால் குடல் ஆற மாட்டேன் என்கிறது. அதனால்தான் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு 14 நாள் துத்தநாக மாத்திரையும் கொடுக்கிறார்கள். பேதி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. "வயிற்றைக் காயப்போடு" என்பது இங்கே செல்லாது. பேதியிலும் சாப்பாடு தொடர வேண்டும், தேறினபின் இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாக.

நாடா சிவப்பைக் காட்டினால், அல்லது இரண்டு பாதமும் வீங்கி அழுத்தினால் குழி விழுந்தால், வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே அரசு மருத்துவமனை. பசியில் சுருங்கின உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இன்சுலின் பொங்கி, இரத்தத்தில் மிச்சமிருக்கிற பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்களுக்குள் இழுத்துவிடும். இதயம் தடுமாறும். அதனால் அங்கே முதல் சில நாள் கொஞ்சம் கொஞ்சமாக, இரவிலும் எழுப்பிக் கொடுப்பார்கள். இன்னொன்று: இந்தக் குழந்தைகளுக்கு உள்ளே நோய்த்தொற்று இருந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். காய்ச்சல்கூட ஒரு செலவுதான். உடம்பு தொட்டுப் பார்க்கச் சில்லென்று இருந்தாலும் பயப்பட வேண்டும்.

இந்தப் பையன் மஞ்சளில் இருந்தான், பசியும் இருந்தது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆயாவுக்குக் கஷ்டம் சமையலில் இல்லை, நேரத்தில்தான். மூன்று வேளைச் சாப்பாடும் நடுவில் இரண்டு தரம் ஏதாவதும் என்றால் நாளுக்கு ஐந்து தடவை உட்கார்ந்து ஊட்ட வேண்டும். மகள் திரும்பிவர மதியம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணும் அவரும் மாற்றி மாற்றி இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக ஊட்டுவதென்று பேசி முடித்தார்கள்.

அடுத்து ஏப்ரல் 15 வரும், ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் காசு புழங்காது. நாளுக்கு ஒரு தேக்கரண்டி என்று கணக்குப் போட்டு, ஆயா இப்போதே நெத்திலி வாங்கிக் காயவைத்து, காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் இடித்து நிரப்பி, எறும்பு ஏறாமல் மூடியில் துணி கட்டி வைத்திருக்கிறார்.