காலண்டருக்கு மடை திறப்பது எப்படி

கும்பகோணம் தலைமை அலுவலகத்தில் இருக்கும் மேலாளர் எந்த நாள் எங்கே போகிறார் என்று திருத்துறைப்பூண்டி கிளைக்காரருக்குத் தெரிய வேண்டும். கேட்டது அவ்வளவுதான். சர்வரைப் பார்த்துக்கொள்பவர் அவசரத்தில் மேலாளரின் அஞ்சல்பெட்டிக்கே ‘ஃபுல் ஆக்ஸஸ்’, அதாவது முழு அனுமதி, கொடுத்துவிடுகிறார். ஒரு மா நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சத் தலைமதகைத் தூக்கிய கதைதான். காலண்டரோடு சேர்ந்து கடிதங்கள், முகவரிகள், அழித்துப்போட்டவை எல்லாம் கிளைக்காரருக்குத் திறந்துவிடுகின்றன.

அலுவலக அஞ்சலையும் காலண்டரையும் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இரண்டு மட்டத்தில் கதவு உண்டு. ஒன்று பெட்டி முழுவதற்கும்; மற்றது ஒவ்வொரு கோப்புறைக்கும் தனித்தனி. காலண்டர் என்பது இன்பாக்ஸைப் போல இன்னொரு கோப்புறை. அதற்கென்று ஓர் அனுமதிப் பட்டியல் இருக்கிறது. இந்த இரண்டு கதவும் ஒன்றையொன்று கலந்துகொள்வதில்லை. காலண்டர் பட்டியலிலிருந்து ஒருவர் பெயரை எடுத்த பிறகும் “அவருக்கு இன்னும் தெரிகிறதே” என்று புகார் வந்தால், முதலில் பெட்டியின் ஃபுல் ஆக்ஸஸைத்தான் பார்க்க வேண்டும்.

கோப்புறைப் பட்டியலில் ‘ரிவ்யூவர்’, ‘ஆத்தர்’, ‘எடிட்டர்’ என்று தெரிபவை வெறும் பெயர்கள். உள்ளே சர்வர் வைத்திருப்பது எண்கள். எல்லாவற்றையும் படிக்க 1, புதிதாகப் பதிய 2, தான் பதிந்ததைத் திருத்த 8, அதை அழிக்க 16, யார் பதிந்ததையும் திருத்த 32, அழிக்க 64, கோப்புறை கண்ணில் பட 1024. ரிவ்யூவர் என்றால் 1025: படிக்கலாம், தொட முடியாது. ஆத்தர் 1051. இதோடு 32, 64 சேர்ந்தால் 1147, அதுதான் எடிட்டர். ஆத்தருக்கும் எடிட்டருக்கும் இருக்கும் வித்தியாசம் ‘அடுத்தவர் பதிந்ததில் கை வைக்கலாமா’ என்பது ஒன்றே. காலண்டருக்கு மட்டும் இன்னும் இரண்டு உண்டு. ‘அவைலபிலிட்டி ஒன்லி’ அந்த நேரத்தில் ஆள் ஓய்வா வேலையா என்பதை மட்டும் காட்டும். ‘லிமிடெட் டீடெயில்ஸ்’ அதோடு தலைப்பையும் இடத்தையும் காட்டும். மேலே சொன்ன கிளைக்காரருக்கு இந்த இரண்டாவதே போதும்.

பட்டியலில் யாரும் சேர்க்காமலே ‘டீஃபால்ட்’ என்று ஒரு வரி இருக்கும். நிறுவனத்துக்குள் இருக்கிற, வேறு எந்த வரியிலும் சிக்காத எல்லாருக்கும் அது பொருந்தும். வழக்கமாக அது அவைலபிலிட்டி ஒன்லி. அதை எடிட்டராக்கினால் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் மேலாளரின் கூட்டத்தை அழிக்கலாம். அப்படி வைத்திருக்கும் அலுவலகங்கள் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

சர்வர் பட்டியலைப் படிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் உங்கள் பெயருக்கென்று வரி இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதோடு சரி. இல்லாவிட்டால் நீங்கள் இருக்கும் குழுக்களின் வரிகளைச் சேர்த்துப் பார்க்கும். அதுவும் இல்லாதபோதுதான் டீஃபால்ட். “கணக்குப் பிரிவுக் குழுவுக்கு எடிட்டர் கொடுத்தாச்சு, எல்லாரும் பதிகிறார்கள், ஒருவரால் மட்டும் முடியவில்லை” என்றால் அந்த ஒருவர் பெயரில் எப்போதோ போட்ட ரிவ்யூவர் வரி கிடக்கிறதா என்று தேடுங்கள். குழுவின் பெரிய உரிமையைத் தனிப்பெயரின் சின்ன உரிமை அடைத்துக்கொண்டிருக்கும். குழு என்றாலும் எல்லாக் குழுவும் ஆகாது. மின்னஞ்சல் வசதியுள்ள செக்யூரிட்டி குரூப்பாக, அதாவது அனுமதி கொடுக்கக்கூடிய குழுவாக, இருக்க வேண்டும்; கடிதம் பரப்ப மட்டும் இருக்கும் விநியோகக் குழு உதவாது.

கட்டளை தட்டிச் சர்வரை இயக்கும் பவர்ஷெல்லில் வேலை செய்பவர்கள் இடறுவது இன்னும் இரண்டு இடத்தில். ‘ஆட்’ கட்டளை புது வரி சேர்க்கும். வரி ஏற்கெனவே இருந்தால் பிழை காட்டி நிற்கும். இருக்கிற வரியை மாற்ற ‘செட்’. டீஃபால்ட் வரி எப்போதும் இருப்பதால் அதற்கு எப்போதும் ‘செட்’தான். அடுத்தது பெயர்: பெட்டியின் மொழியை யாராவது மாற்றியிருந்தால் காலண்டர் கோப்புறையின் பெயரும் அந்த மொழிக்கு மாறியிருக்கலாம், அப்போது ஆங்கிலப் பெயரில் தேடினால் கிடைக்காது.

எடிட்டரும் டெலிகேட்டும் ஒன்றல்ல. எடிட்டர் காலண்டரில் எழுதுவார், ஆனால் மேலாளருக்கு வரும் கூட்ட அழைப்பு அவருக்குப் போகாது. டெலிகேட்டுக்கு அழைப்பின் பிரதியும் போகும், மேலாளர் சார்பில் பதிலும் சொல்லலாம். அந்த டெலிகேட் வேலையை விட்டுப் போய், அவர் கணக்கை அழித்த பிறகும், அழைப்பை அவருக்குத் தள்ளும் மறைவான விதி மேலாளர் பெட்டியில் தங்கிவிடுவது உண்டு. மன்னார்குடியிலிருந்து மேலாளரைக் கூட்டத்துக்கு அழைத்தவருக்கு, தான் அழைக்கவே அழைக்காத ஒருவர் பெயரில் ‘அஞ்சல் சேரவில்லை’ என்று திரும்பி வரும். அழைத்தவர் பக்கம் எவ்வளவு துழாவினாலும் காரணம் கிடைக்காது. ஆள் போகும்போதே டெலிகேட் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுக் கணக்கை அழிப்பது நல்லது. அனுமதிப் பட்டியலில் பெயருக்குப் பதில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட கணக்கு அடையாள எண் தென்பட்டால் அதுவும் இப்படிப் போனவரின் மிச்சம்தான்.

‘பிரைவேட்’ என்று குறிப்பது பூட்டு அல்ல, திரைச்சீலை. அஞ்சலும் காலண்டரும் பார்க்கும் செயலியான அவுட்லுக் மரியாதைக்காக மறைக்கும். படிக்கும் உரிமை உள்ளவர் வேறு செயலி வழியாக வந்தால் விவரம் தெரிந்துவிடலாம்.

ஆளுக்குக் காலண்டர் வைப்பதைவிடப் பொருளுக்கு வைப்பதில்தான் சுவாரஸ்யம். நிறுவனத்திடம் பெல்ட் டைப் அறுவடை இயந்திரம் ஒன்று இருக்கிறது, கிளைகள் அதை முறைவைத்து எடுத்துக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ‘எக்விப்மென்ட்’ வகைப் பெட்டி திறந்து ‘ஆட்டோ அக்செப்ட்’ வைத்தால், கிளை அனுப்பும் அழைப்பைச் சர்வரே பார்த்து, நாள் காலியாக இருந்தால் ஏற்கும், இல்லாவிட்டால் மறுக்கும். இங்கே கிளைக்காரர்களுக்கு எடிட்டர் கொடுக்கக் கூடாது. சர்வர் மோதலைச் சரிபார்ப்பது அழைப்பாக வரும்போது மட்டும். காலண்டரைத் திறந்து நேரே எழுதிவிட்டால் அந்தக் காவல் வேலை செய்யாது; ஒரே நாளில் நீடாமங்கலத்திலும் முத்துப்பேட்டையிலும் ஒரே இயந்திரம் நிற்கும்.

இன்னொரு சிக்கல் டெல்டாவின் பருவத்தோடு வருகிறது. முன்பதிவுக்குச் சர்வர் வைத்திருக்கும் எல்லை 180 நாள். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதியான ஜூன் 12 அன்றே சம்பா அறுவடைக்குப் பதிய உட்கார்ந்தால், டிசம்பர் 9 வரைதான் ஏற்கும். ஜனவரி 15-க்குக் கேட்டால் மறுப்பு வரும். ஜூலை 19 வரை காத்திருக்க வேண்டும். எல்லையை 270 ஆக்கினால் மார்ச் 9 வரை, தாளடிக்கும் சேர்த்து, இடம் கிடைக்கும். ஒரு பதிவின் நீளத்துக்கும் வரம்பு உண்டு: 1440 நிமிடம், அதாவது ஒரே நாள். மூன்று நாள் சேர்த்துக் கேட்பவருக்கு நாள் காலியாக இருந்தும் மறுப்பு வரும் காரணம் இதுதான். 4320 என்று மாற்ற வேண்டும்.

எல்லாம் சரியாகி, ஓட்டுநர் காலண்டரைத் திறந்தால் “வலங்கைமான், 6 ஏக்கர்” என்று கிளை எழுதிய தலைப்பு இருக்காது. அழைப்பு அனுப்பிய எழுத்தரின் பெயர் நிற்கும். இவ்வகைப் பெட்டி தலைப்பை அழிப்பதும், அங்கே அழைத்தவர் பெயரைப் போடுவதும், உள்ளே எழுதிய குறிப்பை நீக்குவதும் ஆரம்ப அமைப்பு. இந்த மூன்றையும் அணைக்க வேண்டும். ஏற்கெனவே ஏற்ற பதிவுகளில் தலைப்பு திரும்பி வராது, மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அதோடு டீஃபால்ட் வரியை லிமிடெட் டீடெயில்ஸாக உயர்த்தாவிட்டால் ஓட்டுநருக்கு அன்று ‘வேலை’ என்று மட்டும் தெரியும், எந்த ஊர் என்று தெரியாது.