ஸ்டூக்காவின் வயிற்றில் ஓர் ஊஞ்சல்

கிடையாகப் பறக்கும் விமானத்திலிருந்து விழும் குண்டு, விமானத்தின் வேகத்தோடு முன்னோக்கியும் போய்க்கொண்டே இறங்கும். அது எங்கே போய் விழும் என்று கணிப்பது கடினம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் யுங்கர்ஸ் 87 குண்டுவீச்சு விமானம், அதாவது ஸ்டூக்கா, இலக்கின் மேல் வந்ததும் மூக்கைக் கவிழ்த்து ஏறக்குறையச் செங்குத்தாகப் பாய்ந்தது. மூக்கு காட்டும் பக்கமே குண்டும் போகும். குறி பெரிதாகத் தப்பாது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. 250 அல்லது 500 கிலோ எடையுள்ள பெரிய குண்டு விமானத்தின் வயிற்றுக்கு அடியில் தொங்கும். கிடையாகப் பறக்கும்போது கொக்கியைத் தளர்த்தினால் போதும், புவியீர்ப்பே அதை விமானத்திடமிருந்து பிரித்துவிடும். செங்குத்துப் பாய்ச்சலில் புவியீர்ப்பு இழுக்கும் திசையும் விமானம் போகும் திசையும் ஒன்று. போதாததற்கு, இறக்கைகளுக்கு அடியிலுள்ள தடுப்புப் பலகைகள் விமானத்தின் வேகத்தைப் பிடித்து வைக்கின்றன. விடுபட்ட குண்டுக்கு அந்தத் தடை இல்லை. அது விமானத்தை முந்தப் பார்க்கும். முந்தும் வழியிலோ விமானத்தின் சொந்தப் புரொப்பெல்லர் சுழன்றுகொண்டிருக்கும்!

இதற்குக் கண்ட தீர்வு ஓர் ஊஞ்சல். குண்டின் இருபுறமும் பிடிக்கும் கவை போன்ற கம்பி, முன்முனையில் கீல் போட்டு வயிற்றோடு இணைக்கப்பட்டிருந்தது. விமானி பொத்தானை அழுத்தியதும் கம்பி கீழ்நோக்கி வீசி ஆடும். புரொப்பெல்லர் சுழலும் வட்டத்தைத் தாண்டி வெளியே போனபின்தான் கம்பி குண்டை விடும். எனக்கு இந்த விமானத்தில் மிகவும் பிடித்த பொறியியல் இதுதான், அவ்வளவு எளிமை. குண்டு விடுபடும்போதே தானியங்கிக் கருவி ஒன்று மூக்கை மேலே தூக்கத் தொடங்கிவிடும். அப்படி நிமிரும்போது விமானியின் உடல் ஏறக்குறைய ஆறு மடங்கு கனக்கும், கண் இருண்டுபோகும். அந்த நேரத்தில் அவர் கையை மட்டும் நம்ப முடியாது.

இறக்கைகளின் கீழ் நான்கு 50 கிலோ குண்டுகளும் ஏற்றலாம். முன்னே சுட இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள், பின்னிருக்கையில் ஒன்று. சக்கரத் தண்டுகளில் பொருத்திய சிறு விசிறிகள் காற்றில் சுழன்று ஊளையிடும். அந்தச் சைரன் கீழே இருப்பவர்களை நடுங்கவைக்கப் பொருத்தியது. அது காற்றை எதிர்த்து வேகத்தைக் குறைத்ததால் பிறகு கழற்றப்பட்டது.

1943-இல் வந்த ஸ்டூக்காவின் ஜி வகையில் இறக்கைக்கு ஒன்றாக 37 மில்லிமீட்டர் பீரங்கிகள் இரண்டு. டங்ஸ்டன் என்னும் கடின உலோகத்தை நடுவில் கொண்ட அவற்றின் பீரங்கிக் குண்டுகள் சோவியத் டாங்கிகளின் கவசம் மெல்லிதாக இருக்கும் பின்புறத்தைத் துளைத்தன. அதற்குத் தாழப் பறந்தால் போதும். செங்குத்துப் பாய்ச்சல் தேவைப்படவில்லை.