டவுன்டவுன்: 'கீழ்நகர்' இல்லை, பழைய கடைவீதி

'டவுன்டவுன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது? முதலில் அதன் கதை. அது பிறந்தது நியூயார்க்கில். மன்ஹாட்டன் தீவின் தெற்கு முனையில்தான் முதல் குடியிருப்பு அமைந்தது. ஊர் வடக்கே வளர வளர, புதிய பகுதிகள் 'அப்டவுன்' ஆயின. வியாபாரமும் வங்கிகளும் தங்கிவிட்ட பழைய தெற்கு 'டவுன்டவுன்' ஆனது. 1830-களில் இந்தப் பேச்சு அங்கே புழங்கத் தொடங்கியிருந்தது. மற்ற ஊர்களுக்குப் பரவியபோது திசை உதிர்ந்து, வணிக மையம் என்ற பொருள் மட்டும் நின்றது. இதிலும் ஒரு வம்பு: வட கரோலினாவின் சார்லட் தன் நகர மையத்துக்கே 'அப்டவுன்' என்று பெயர் வைத்திருக்கிறது!

ஆகவே 'கீழ்நகர்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது வீண். இண்டியானாவில் உள்ள மேடிசனுக்கு வேண்டுமானால் அது பொருந்தும். ஒஹாயோ ஆற்றங்கரையில், செங்குத்தான மேட்டுக்கு அடியில் இருக்கிறது அந்தச் சிற்றூரின் பழைய பகுதி. அதன் முதல் பாதியான, 'கீழே' என்று பொருள்படும் 'down' என்ற ஆங்கிலச் சொல்லே பழங்காலத்தில் 'குன்றிலிருந்து இறங்கி' என்ற பொருளில் பிறந்ததுதான்.

மேடிசனின் மெயின் ஸ்ட்ரீட்டைப் பார்த்தால் 'டவுன்டவுன்' எதைச் சுட்டுகிறது என்று புரிந்துவிடும். ஒன்றையொன்று ஒட்டிய, இரண்டு மூன்று மாடிச் செங்கல் கட்டடங்கள். கீழே கடை, மேலே வீடோ அலுவலகமோ. கடை முகப்பில் வார்ப்பிரும்பு வேலைப்பாடு, தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி. நடந்து வருபவரை நம்பிக் கட்டிய தெரு இது. 1950-களுக்குப் பிறகு நெடுஞ்சாலையும் காரும் மாலும் வந்து, அமெரிக்கா முழுக்க இப்படிப்பட்ட தெருக்களின் வியாபாரத்தைப் பிடுங்கிக்கொண்டன. 1977-இல் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை இவற்றை மீட்கும் சோதனை முயற்சிக்கு மூன்று ஊர்களைத் தேர்ந்தெடுத்தது: மேடிசன், இல்லினாயின் கேல்ஸ்பர்க், தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ். அதிலிருந்து 1980-இல் நாடு தழுவிய மெயின் ஸ்ட்ரீட் திட்டம் வளர்ந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சிகாகோ மாதிரி மாநகர் என்றால் 'நகர மையம்' போதும். மேடிசன் மாதிரிச் சிற்றூருக்கு அது கனமான சொல். 'பழைய கடைவீதி' என்பதே என் தேர்வு. 'அங்காடித் தெரு' என்றும் எழுதலாம், கொஞ்சம் இலக்கிய வாடை அடிக்கும், அவ்வளவுதான். நம் பேச்சிலும் இதற்கு இணை உண்டு: நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய பழைய ஊரைத் திருநெல்வேலிக்காரர்கள் 'டவுன்' என்றுதான் சொல்கிறார்கள், ரயில் நிலையப் பக்கம் 'ஜங்ஷன்'.

அப்புறம், இந்தத் தெருக்களின் அரசுப் பதிவுகளில் வரும் 'ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட்' என்பதை 'வரலாற்று மாவட்டம்' என்று எழுதிவிடாதீர்கள். மாவட்டம் என்றதும் தமிழ் வாசகர் கலெக்டர் ஆபீஸைத் தேடுவார். அது சில தெருக்கள் அடங்கிய பாதுகாக்கப்பட்ட பகுதி. 'மரபுப் பகுதி' என்றால் சரியாக உட்காரும்.