நாய்க்குக் கொடுக்கும் சிபிடி எண்ணெய்: குணம் தெரிவது யாருக்கு?

அமெரிக்காவில் 2018 டிசம்பரில் வந்த பண்ணைச் சட்டம், போதை தரும் டிஎச்சி என்ற பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டாத கஞ்சாச் செடியை ‘ஹெம்ப்’ என்று தனியாகப் பிரித்து, போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்கப்புறம் அந்தச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி கலந்த நாய் பிஸ்கட்டும் பூனைக்கான சொட்டு மருந்தும் கடைகளில் குவிந்தன. மூட்டுவலி, வலிப்பு, வாணவேடிக்கைச் சத்தத்துக்கு மிரளுவது என எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில்தான். இப்படி விற்கப்படும் எதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. ஆனாலும் சிபிடியை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது.

கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி. சிபிடி அதே செடியில் இருக்கும் வேறொரு பொருள். அதற்குப் போதை கிடையாது. நாய், பூனை, மனிதர் எல்லோருடைய உடலிலும் சிபி1, சிபி2 என்ற ஏற்பிகள், அதாவது செல்கள் வேதிச் செய்திகளை வாங்கிக்கொள்ளும் இடங்கள், உண்டு. முதலாவது பெரும்பாலும் மூளையிலும் நரம்புகளிலும், இரண்டாவது நோய் எதிர்ப்பு செல்களிலும் இருக்கிறது. இவற்றில் ஒட்டும் ஆனந்தமைடு போன்ற பொருள்களை உடலே தயாரித்துக்கொள்கிறது. ஒரு நரம்புசெல்லுக்குச் செய்தி அளவுக்கு மீறி வந்தால், அது இத்தகைய பொருளைப் பின்பக்கமாக அனுப்பி, அனுப்புகிற செல்லை அடக்குகிறது. டிஎச்சி நேராக சிபி1-இல் போய் உட்கார்ந்துகொள்ளும். சிபிடி அங்கே சரியாகப் பொருந்தாது. அது ஆனந்தமைடு சிதைவதைக் கொஞ்சம் மந்தமாக்குவதாகக் கருதப்படுகிறது. மிளகாயின் எரிச்சலை உணரும் ஏற்பியையும், செரட்டோனின் ஏற்பி ஒன்றையும் தொடுகிறது. இத்தனை இடங்களைத் தொடுவதால்தான் இதை எந்த நோய்க்கு வேண்டுமானாலும் விற்க முடிகிறது. எந்தப் பலன் எந்த வழியாக வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினமாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

முதலில் மருந்து ரத்தத்தில் சேர வேண்டுமே! 1988-இல் வெளிவந்த ஜெருசலேம் ஆய்வு ஒன்றில் ஆறு நாய்களுக்கு வாய்வழியாக சிபிடி கொடுத்தார்கள். மூன்று நாய்களின் ரத்தத்தில் அது தென்படவே இல்லை. மற்ற மூன்றில் 13 முதல் 19 சதவீதம்தான் சேர்ந்தது. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போனதுமே பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. இப்போது எண்ணெயில் கரைத்துக் கொடுப்பது உறிஞ்சுதல் கூடட்டும் என்றுதான்.

2018-இல் கார்னெல் பல்கலைக்கழகம் மூட்டுத் தேய்மானம் உள்ள 16 நாய்களை வைத்து ஆய்வு நடத்தியது. கிலோ எடைக்கு 2 மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சிபிடி எண்ணெய்; வேறொரு கட்டத்தில் அதே நாய்களுக்கு மருந்தில்லாத வெற்று எண்ணெய். எப்போது எது என்று வளர்ப்பவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. சிபிடி கொடுத்தபோது வலி குறைந்தது, நடமாட்டம் கூடியது. எண்ணெயைத் தயாரித்த நிறுவனமே பணம் கொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2021-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் ஏறக்குறைய அதே அளவைக் கொடுத்து, நடையின் அழுத்தத்தைக் கருவியால் அளந்தது. அசைவைப் பதியும் கருவியையும் நாய்களுக்கு மாட்டியது. வெற்று எண்ணெய்க்கும் சிபிடிக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

நாய் தன் வலியைச் சொல்லாது. கார்னெல் ஆய்வில் வலிக்கு மதிப்பெண் போட்டவர்கள் வளர்ப்பவர்களும் மருத்துவர்களும்தான். வேறொரு மூட்டுவலி ஆய்வில் வெற்று மருந்து மட்டுமே பெற்ற நாய்களை மின்னசோட்டா ஆய்வாளர்கள் 2012-இல் அலசினார்கள். தரையில் பதியும் விசையைக் கருவி அளந்திருந்தது. அதில் மாற்றம் இல்லாதபோதும் நொண்டல் குறைந்ததாக வளர்ப்பவர்கள் சொன்னது சுமார் 40 சதவீதத் தடவை. மருத்துவர்களின் கணிப்பும் இதைவிட மேலாக இல்லை. வெற்று மருந்தை விழுங்கியது நாய், குணம் தெரிந்தது மனிதருக்கு! வாங்கியவர்கள் எழுதும் ‘எங்கள் டாமி துள்ளி ஓடுகிறான்’ வகைப் பாராட்டுகளை இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

வலிப்பிலும் இதே குழப்பம். 2019-இல் வந்த கொலராடோ ஆய்வில் சிபிடி பெற்ற நாய்களுக்கு வலிப்பு 33 சதவீதம் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வலிப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்த நாய்கள் சிபிடி பிரிவில் இரண்டு, வெற்று எண்ணெய்ப் பிரிவிலும் இரண்டு.

பக்க விளைவு பெரிதில்லை என்றாலும் உண்டு. இந்த ஆய்வுகளில் கல்லீரல் நொதி அளவு உயர்ந்தது. வலிப்புக்காக ஏற்கெனவே ஃபீனோபார்பிட்டால் சாப்பிடும் நாய்க்கு அந்த மருந்தும் கல்லீரலுக்கு வேலை வைப்பதுதான். அதனால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை தேவை. பெரிய ஆபத்து சிபிடியில் இல்லை, அதோடு கலந்து வருவதில் இருக்கிறது. நாயின் சிறுமூளையில் சிபி1 ஏற்பிகள் மிக நெருக்கமாக இருப்பதால், டிஎச்சி உள்ளே போனால் நாய் நிற்க முடியாமல் தள்ளாடும், சிறுநீர் சொட்டும். மனிதருக்கான சிபிடி மிட்டாயில் சைலிட்டால் என்ற இனிப்பு இருந்தால் நாயின் ரத்தச் சர்க்கரை சட்டென விழும். ஹெம்ப் விதை எண்ணெயோ வேறு ரகம். அதில் சிபிடி அநேகமாகக் கிடையாது.

விலங்குகளுக்கான எந்த சிபிடி மருந்துக்கும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் தரவில்லை. எனவே லேபிளை நம்பாமல், வெளி ஆய்வகம் அந்தத் தயாரிப்புத் தொகுதிக்குக் (பேட்ச்) கொடுத்த சான்றிதழில் சிபிடி எவ்வளவு, டிஎச்சி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அப்புறம் கொஞ்சம் கணக்கும் போட வேண்டும். 30 கிலோ லாப்ரடாருக்கு கார்னெல் அளவுப்படி ஒரு வேளைக்கு 60, ஒரு நாளைக்கு 120 மில்லிகிராம். 300 மில்லிகிராம் பாட்டில் இரண்டரை நாளில் தீர்ந்துவிடும். அதே பாட்டிலை ஒரு மாதத்துக்கு ஓட்டினால் நாய்க்குப் போவது ஆய்வில் கொடுத்ததில் பன்னிரண்டில் ஒரு பங்கு.