பக்கத்து மனையில் புது வீடு, பழைய வீட்டுக்கு வரி உயர்வு: பிலடெல்பியாவின் ‘லூப்’ சலுகை

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் பாயின்ட் பிரீஸ், ஃபிஷ்டவுன், பிரூவரிடவுன் போன்ற பகுதிகள் ஒரு காலத்தில் பூட்டிக் கிடந்த வீடுகளும் காலி மனைகளுமாக இருந்தவை. இப்போது அந்த மனைகளில் மூன்று மாடி வீடுகள் எழும்பிவிட்டன. வசதியானவர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். அதே தெருவில் முப்பது, நாற்பது வருடமாக இருக்கும் குடும்பத்துக்கு வருமானம் கூடவில்லை. வீட்டிலும் ஒரு செங்கல் கூட மாறவில்லை. வரி நோட்டீஸில் உள்ள தொகை மட்டும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறிவிடுகிறது.

காரணம், அங்கே சொத்து வரி சந்தை விலையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அக்கம்பக்கத்தில் வீடுகள் என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்து, நகர மதிப்பீட்டு அலுவலகம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மதிப்புப் போடும். அதில் 1.3998 சதவீதம் வருட வரி. பல வருடங்களாகச் சரியாகத் திருத்தப்படாமல் கிடந்த மதிப்புகளை 2014-ல் நகரம் ஒரே மூச்சில் சந்தை விலைக்குக் கொண்டுவந்தபோது, விலை ஏறிய தெருக்களில் இருந்தவர்கள் நிலைகுலைந்து போனார்கள். 2023 வரி ஆண்டுக்கான மறுமதிப்பீட்டில் நகரம் முழுவதும் வீடுகளின் மதிப்பு சராசரியாக 31 சதவீதம் உயர்ந்தது.

இதில் மனம் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. புதிதாகக் கட்டிய வீட்டுக்கு, கட்டடத்தின் மதிப்பு மீது பத்து வருடம் முழு வரிவிலக்கை நகரம் கொடுத்து வந்தது. 2022 முதல்தான் புதுக் குடியிருப்புகளுக்கு அந்த விலக்கு வருடத்துக்கு 10 சதவீதம் குறையும்படி மாற்றினார்கள். ஆக, விலையை ஏற்றிய புது வீட்டுக்காரர் நிலத்துக்கு மட்டும் வரி கட்ட, பக்கத்துப் பழைய வீட்டுக்காரர் ஏறிய விலைக்கு முழு வரி கட்டினார். அவருக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும் என்பது சலுகை இல்லை, நியாயம்.

அந்தப் பாதுகாப்பின் பெயர்தான் ‘லூப்’. நீண்டகாலமாகச் சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கான திட்டம் இது. பென்சில்வேனியா மாநில அரசியலமைப்பு, ஒரே வகைச் சொத்துகளுக்கு வரி ஒரே சீராக இருக்க வேண்டும் என்கிறது. பழைய குடிகளுக்கு மட்டும் குறைக்க நகரம் தானாக முடிவெடுக்க முடியாது. அதனால் அரசியலமைப்பிலேயே ஒரு விதிவிலக்கைச் சேர்த்தார்கள். சுற்றிலும் பாழடைந்த வீடுகளைப் புதுப்பிப்பதாலோ புது வீடுகள் கட்டுவதாலோ விலை வெகுவாக ஏறிய இடங்களில், நீண்டகாலம் சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்பது அதன் சாரம். அதைச் செயல்படுத்தும் சட்டம் 1988-ல் வந்தது. பிலடெல்பியா அதைப் பயன்படுத்த 2014 வரை ஆயிற்று.

சரி, யாருக்குக் கிடைக்கும்? வீட்டு மதிப்பு ஒரே வருடத்தில் 50 சதவீதமோ, ஐந்து வருடத்துக்குள் 75 சதவீதமோ ஏறியிருக்க வேண்டும். (முதலில் மூன்று மடங்கு ஏறினால்தான் தகுதி என்று வைத்திருந்தார்கள், பிறகு தளர்த்தினார்கள்.) அந்த வீட்டிலேயே பத்து வருடமாவது குடியிருந்திருக்க வேண்டும். அரசு அல்லது தொண்டு அமைப்பின் வீட்டு உதவியோடு வாங்கியிருந்தால் ஐந்து வருடம் போதும் என்று மாநிலச் சட்டம் இடம் கொடுக்கிறது. குடும்ப உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்ற வருமான வரம்பு உண்டு; ஓரளவு தாராளமான வரம்புதான், நடுத்தரக் குடும்பங்களும் உள்ளே வரும். வரி பாக்கி இருக்கக் கூடாது. இருந்தால், தவணை ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்க வேண்டும்.

தகுதி பெற்றால், மதிப்பு உயர்வை 50 அல்லது 75 சதவீதத்தோடு நிறுத்தி, அந்த மதிப்பை அப்படியே பூட்டிவிடுவார்கள். தகுதி நீடிக்கும்வரை சந்தை எவ்வளவு ஏறினாலும் மதிப்பு நகராது. வரி விகிதத்தை நகரம் உயர்த்தினால் மட்டும் அது இவர்களையும் பாதிக்கும்.

இங்கே நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். சொந்த வீட்டில் குடியிருக்கும் எல்லோருக்கும் ‘ஹோம்ஸ்டெட்’ என்ற விலக்கு தனியாக இருக்கிறது. 2025 முதல் அது வீட்டு மதிப்பில் 1,00,000 டாலரைக் கழிக்கிறது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. ஒரு வீட்டின் மதிப்பு ஒரே வருடத்தில் 2 லட்சம் டாலரிலிருந்து 5 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். ஹோம்ஸ்டெட்டில் 4 லட்சத்துக்கு வரி, சுமார் 5,600 டாலர். லூப்பில் 3 லட்சத்துக்கு வரி, சுமார் 4,200. லூப்தான் லாபம். இன்னொரு வீடு 80,000-லிருந்து 2 லட்சம் ஆகிறது. ஹோம்ஸ்டெட்டில் சுமார் 1,400, லூப்பில் சுமார் 1,680. இங்கே ஹோம்ஸ்டெட் மலிவு. ஆனால் இந்த வருடத்து பில்லை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடக் கூடாது. அந்த வீடே நாளைக்கு 3 லட்சம் ஆனால் ஹோம்ஸ்டெட் வரி 2,800 ஆகும்; லூப்பில் பூட்டியது 1,680-லேயே நிற்கும். தெரு இன்னும் மாறிக்கொண்டிருந்தால் லூப், அடங்கிவிட்டதாகத் தெரிந்தால் ஹோம்ஸ்டெட் என்பது என் கணிப்பு.

கலிபோர்னியாவில் 1978-ல் மக்கள் வாக்கெடுப்பில் சட்டமான ‘13-வது முன்மொழிவு’ இதற்கு நேர் எதிரான வழி. வாங்கிய விலையை அடிப்படையாக வைத்து, வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் மதிப்பு ஏறாமல் தடுத்தது. வருமானக் கேள்வி கிடையாது; கடற்கரை மாளிகைக்கும், கம்பெனிக் கட்டடத்துக்கும் அதே சலுகை. விண்ணப்பமே தேவையில்லை என்பது அதன் பலம். ஆனால் அந்த வருமான இழப்பைப் பள்ளிகளும் நகராட்சிகளும் சுமந்தன. பிலடெல்பியாவிலும் சொத்து வரியில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குத்தான் போகிறது. அதனால் தேவைப்படுபவருக்குக் குறிவைத்துக் கொடுக்கும் லூப் வழியே சரி என்று நினைக்கிறேன்.

அதற்காக லூப்பில் ஓட்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே வருடத்தில் 49 சதவீதம் ஏறியவருக்கு ஒன்றும் கிடையாது. இப்படி ஒரு கோட்டைக் கிழிப்பதைவிட, வருமானத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் வரி போகக் கூடாது என்று வைத்திருந்தால் இந்தப் பிரச்சினை வராது. அடுத்தது பத்திரச் சிக்கல். அப்பா அம்மா பெயரிலேயே பத்திரம் கிடக்க, பிள்ளைகள் குடியிருக்கும் வீடுகள் அங்கே ஏராளம். 2021-ல் பியூ என்ற ஆய்வு அமைப்பு கணக்கெடுத்தபோது இப்படிப் பட்டா குழம்பிய வீடுகள் பத்தாயிரத்துக்கு மேல் இருந்தன. சலுகை மிகவும் தேவைப்படுபவர்களில் பலர் இப்படிக் காகிதம் இல்லாமல் வெளியே நிற்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை.

விண்ணப்பக் கடைசி நாள் அந்தந்த வரி ஆண்டின் செப்டம்பர் 30. வரி கட்ட வேண்டிய நாளோ மார்ச் 31. அதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. மதிப்பே தவறாக இருக்கிறது என்று தோன்றினால், அது வேறு வழி: வரித் திருத்த வாரியத்தில் அக்டோபர் மாதத்தின் முதல் திங்கட்கிழமைக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஏற்கெனவே பாக்கி சேர்ந்துவிட்டவர்கள் முதலில் வருமானத்துக்கு ஏற்ற தவணை ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டு, அப்புறம் லூப்புக்கு எழுதிப் போடலாம்.