திருத்துதலா, மீட்டலா, மாற்றலா? ஒரு பழைய பேஸ் கிட்டாரும் மூன்று சொற்களும்

"கிட்டாரைத் திருத்திக் குடுங்க பாஸ்."

இலங்கை மலையகத்தில், அட்டனில் ஒரு பட்டறையில் பல வருடங்களுக்கு முன்பு நான் சொன்னது இவ்வளவுதான். கொண்டுபோனது சித்தப்பாவின் ஜப்பானிய பேஸ் கிட்டார். 1970க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகி, 1977 வரை வெளிநாட்டு வாத்தியம் கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில், தோட்டத்துக்குத் தோட்டம் கல்யாண வீடுகளில் வாசித்த கிட்டார் அது. சத்தக் குமிழைத் திருப்பினால் கரகரவென்று இரையும். கழுத்து வளைந்து, கம்பிகள் விரல் நுழையும் உயரத்துக்கு எழும்பி நின்றன.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். கரகரப்பு இல்லை, கம்பிகளும் இறங்கியிருந்தன. ஆனால் நடுவில் தேன் நிறமாகவும் ஓரத்துக்குப் போகப் போகக் கறுப்பாகவும் இருந்த பழைய பூச்சைக் காணோம். முழுவதையும் தேய்த்தெடுத்துவிட்டு, பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். சித்தப்பாவின் முன்கை பட்டுப் பட்டுப் பூச்சு போய், மரம் வெளியே தெரிந்த ஒரு இடம் இருந்தது. என் கண் முதலில் தேடியது அதைத்தான்.

அந்தக் கைவினைஞர் மேல் எனக்குக் குறையில்லை. திருத்தச் சொன்னேன், திருத்தினார். அந்தச் சொல்லைத்தான் அதற்குப் பிறகு நான் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன் இரண்டு சின்னச் சொற்கள். இலங்கையில் தச்சரையும் மேசனையும் 'பாஸ்' என்று அழைப்பது ஒல்லாந்தர் விட்டுப்போன வழக்கம். டச்சு மொழியில் அதற்குத் தலைவர், மேலாள் என்று பொருள். கிட்டாரின் 'பேஸ்' வேறு. தாழ்ந்தது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியம் வழியாக வந்தது. தமிழிசையில் கீழ், நடு, மேல் நிலைகளுக்கு மெலிவு, சமன், வலிவு என்று பெயர் உண்டு. பேஸ் வாசிப்பது மெலிவில்.

சரி, திருத்துதல். திருந்து என்பது தன்வினை, திருத்து அதன் பிறவினை. ஒன்றைச் செம்மையாக்குவது, ஒழுங்குக்குக் கொண்டுவருவது அதன் அடிப்பொருள். மணிக்கூட்டைத் திருத்துகிறோம், விடைத்தாளைத் திருத்துகிறோம், முடியைத் திருத்துகிறோம். தமிழ்நாட்டில் 'ரிப்பேர்' என்று சொல்லும் இடத்தில் நமக்குத் திருத்தம்தான் வாயில் வரும். அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் என்றும் சொல்கிறோம். அங்கே பழுது எதுவும் பார்க்கப்படவில்லை, சட்டம் மாற்றப்பட்டிருக்கிறது. மலையகத்துக்கு இன்னொரு பொருளும் நன்றாகத் தெரியும்: காடு திருத்துதல். நம் முன்னோர் காட்டைத் திருத்தித்தான் முதலில் கோப்பியும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த பிறகு தேயிலையும் வளர்ந்தன. திருத்திய பிறகு அங்கே காடு இல்லை.

ஆக, கரகரக்கும் குமிழைச் சரிசெய்வதும் திருத்தம், காட்டைத் தோட்டமாக்குவதும் திருத்தம். இவ்வளவு அகலமான சொல்லை ஒரு பழைய கிட்டாரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தால் எது வேண்டுமானாலும் நடக்கலாம்.

ஆங்கிலத்தில் இந்த இடத்தில் இரண்டு சொற்கள் பிரிந்து நிற்கின்றன. ஒன்று ரெஸ்டோர். இலத்தீனில் 'ரெஸ்டௌராரே', பழைய நிலைக்குக் கொண்டுவருதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ரெஸ்டோரன்ட் என்பதும் இதே வேரில் பிறந்ததுதான். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் தெம்பை மீட்டுத் தரும் ஒருவகை சூப்புக்கு அந்தப் பெயர் இருந்தது, பிறகு அதை விற்ற இடத்துக்கே பெயராகிவிட்டது.

இதற்குத் தமிழில் புனரமைப்பு, புதுப்பித்தல், சீரமைப்பு என்று பலதும் எழுதுகிறார்கள். கோயில் அழைப்பிதழ்களில் ஜீர்ணோத்தாரணம் என்று வரும். சிதைந்ததை மேலே தூக்கி நிறுத்துதல் என்பது அந்தச் சமஸ்கிருதச் சொல்லின் பொருள். கோபுரத்துக்குப் பொருத்தம், கிட்டாருக்குக் கனம் அதிகம். புதுப்பித்தலை நான் ஏற்கவே மாட்டேன். என் கிட்டாரைப் புதிதாக்கியதுதானே பிரச்சினை!

எனக்குச் சரியாகப் படுவது மீட்டல். மீள் என்றால் திரும்பி வா, மீட்டல் என்றால் திரும்பக் கொண்டுவருதல். நம் வீடுகளில் இந்தச் சொல் புழங்குவது அடகுக் கடையோடு. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு வைத்த சங்கிலியைச் சம்பளம் வந்ததும் மீட்கிறோம். அப்போது கைக்கு வர வேண்டியது அதே சங்கிலி. கொக்கியில் இருந்த நெளிவுகூட அப்படியே இருந்தால்தான் அம்மாவுக்கு நிம்மதி. கடையில் வாங்கிய நாளின் பளபளப்பை யாரும் எதிர்பார்ப்பதில்லை, அடகு வைத்த அன்று இருந்தபடி வந்தால் போதும். பழைய வாத்தியத்தை எந்த நிலைக்கு மீட்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்குத் திருப்பத் தேவையில்லை, கடைசியாக நன்றாக ஒலித்த நாளுக்குத் திரும்பினால் போதும். கை தேய்த்த இடம் அப்படியே இருக்கட்டும்.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1972இல் திருட்டுப்போய், ஐம்பது வருடங்களுக்கு மேல் கழித்துக் கிடைத்து, அவரிடமே திரும்பியதாக 2024இல் செய்தி வந்தது. முதலில் திருட்டிலிருந்து மீட்டார்கள், பிறகு சேதத்திலிருந்து மீட்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல். அந்தக் கிட்டாருக்கு 1964இலேயே மேற்பூச்சு மாற்றப்பட்டிருந்தது. 1961இன் தோற்றத்துக்குக் கொண்டுபோனால், உலகம் அறிந்த அந்தக் கிட்டாரே இல்லாமல் போய்விடும்.

ஒரு மயக்கத்தையும் தீர்த்துவிடுகிறேன். வீணையை மீட்டுதல் வேறு வினை. நகையை மீட்க, மீட்டான். வீணையை மீட்ட, மீட்டினான். கேட்க ஒன்றுபோல இருந்தாலும் விகுதி சேரும்போது பிரிந்துவிடும். மீட்ட பிறகு மீட்டலாம் என்று தமிழில் சொல்ல முடிவது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆங்கிலத்தின் இரண்டாவது சொல் மொடிஃபை. நம் டவுன்களில் ஓட்டோக்காரப் பிள்ளைகள் நாள் முழுக்கச் சொல்லும் சொல். இலத்தீனில் 'மோதுஸ்' என்றால் அளவு. அளவுக்குள் வைத்தல் என்பதுதான் இதன் பழைய பொருள், மாற்றுதல் பின்னால் வந்தது. தமிழில் மாற்றியமைத்தல், சுருக்கமாக மாற்றல். நகைக்கடைப் பேச்சில் இதற்கும் இணை இருக்கிறது: அழித்துச் செய்தல். பாட்டியின் அட்டியலை உருக்கி நெக்லஸ் செய்வது. தங்கம் அதேதான், அட்டியல் போனது போனதுதான்.

மாற்றலை நான் பழிக்கவில்லை. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸில் மெட்டுகள் பிடுங்கப்பட்டு, பள்ளங்கள் அடைக்கப்பட்டு, படகுக்குப் பூசும் எபொக்ஸி பூசப்பட்டிருந்தது. அந்த வழுக்கும், பாடும் ஒலி அதனால் வந்தது. மெட்டு என்பது வீணைக்காரர்களின் சொல். கிட்டாரின் ஃப்ரெட்டுக்கு அது அப்படியே பொருந்தும். ஆனால் அவர் கையில் அது பத்துப் பதினைந்து வருடப் பழைய கிட்டார்தான், இன்றைய விலைமதிப்புள்ள வின்டேஜ் அல்ல.

வின்டேஜ் என்பது திராட்சை அறுவடைக்கான சொல். குறிப்பிட்ட ஆண்டின் அறுவடையில் வந்த மதுவைக் குறித்து, பிறகு காருக்கும் கிட்டாருக்கும் பரவியது. தேயிலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவில் காய்ந்த காற்று வீசும் பருவத்துக் கொழுந்துக்குத் தனி விலை. அதுபோல, ஃபெண்டர் நிறுவனம் 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போவதற்கு முன் செய்த பேஸ்களுக்குத் தனி விலை. தமிழில் 'அந்தப் பருவத்துப் பேஸ்' என்றாலே போதும்.

மீட்பதா, மாற்றுவதா என்று முடிவுசெய்ய உரைகல்லும் அதே வேரில் கிடைக்கிறது: மீளக்கூடியதா, மீளாததா? கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பைக் கழற்றி வேறொன்றை அதே துளைகளில் பொருத்தினால் மீளலாம். ட்யூனிங் கீயும் அப்படித்தான், புதுத் துளை போடாதவரை. உடலில் பள்ளம் தோண்டினால், பூச்சைத் தேய்த்தால் மீள முடியாது. கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டல் வேலை நிற்க வேண்டும் என்கிறது.

நம் மலைகளில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மே மாதம் மழை பிடித்தால் ஈரம் எல்லாவற்றிலும் ஏறும். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் திருகாணி துருவேறும், கழுத்து அசையும். துருவைத் தடவி எடுப்பதும், கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று முறுக்கி நிமிர்த்துவதும் மீட்டல்தான், தயங்க வேண்டாம். கரகரக்கும் குமிழுக்கும் பெரும்பாலும் சுத்தம் செய்யும் ஸ்பிரே போதும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதை எறியாதீர்கள். பழைய அமெரிக்கக் கிட்டார்களில் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகத்தின் முதுகில் பெரும்பாலும் ஒரு எண் குத்தியிருக்கும். 1377222 என்றிருந்தால் 137 அந்தப் பாகத்தைச் செய்த நிறுவனம், 72 ஆண்டு, 22 வாரம். அந்தச் சின்ன வட்டத் தகடு கிட்டாரின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி.

என் கறுப்பு பேஸைத் திரும்பத் தேன் நிறமாக்கலாமே என்று பலர் கேட்டார்கள். உருக்கிய அட்டியலை மீட்க முடியாது. இப்போது அந்த நிறம் பூசினால் அது இன்னொரு மாற்றல்தான், மீட்டல் என்ற பெயரில். வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

போன மழைக்குக் கழுத்து மறுபடி வளைந்தது. அதே பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

"திருத்தணுமா தம்பி?"

"கழுத்தை மட்டும் பழைய நெலைக்கு மீட்டுக் குடுங்க பாஸ். வேற எதையும் மாத்த வேணாம்."

துண்டுத் தாளில் 'கழுத்து - மீட்க, வேறு மாற்றம் இல்லை' என்று எழுதி, கம்பிக்கு இடையில் செருகி வைத்தார்.